கண்ணில் படாத லாந்தனம்

1839-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமில் கார்ல் குஸ்தாவ் மொசாண்டர் ஒரு புதிய ஆக்சைடைப் பிரித்தெடுத்தார். பெயர் வைக்கும் நேரம் வந்தபோது அவருடைய ஆசிரியர் யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ் ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். லாந்தனம் பிறந்தது அப்படித்தான். புதிய தனிமத்துக்குத் தெய்வத்தின் பெயரையோ கிடைத்த ஊரின் பெயரையோ சூட்டும் வழக்கமும் அன்று இருந்தது. இது அந்த வழக்கத்தில் சேராது. அந்தப் பொருள் நடந்துகொண்ட விதத்தையே பெயராக்கினார்கள்.

அந்தக் கிரேக்கச் சொல் 'லாந்தனேய்ன்' என்ற வினை. 'மறைந்திருத்தல்' என்று வேதியியல் நூல்கள் ஒரே சொல்லில் முடித்துவிடும். கிரேக்கர் அதை வழங்கிய முறையைப் பார்த்தால் பொருள் இன்னும் நுட்பமானது. வேண்டுமென்று ஒளிந்துகொள்வது அன்று அது. எதிரிலேயே இருந்தும் பிறர் கவனத்துக்கு வராமல் போவது. ஒருவன் உள்ளே வந்தான், ஆனால் ஒருவர் கண்ணிலும் படாமல் வந்தான் என்று சொல்ல அவர்கள் இந்த வினையைத்தான் துணைக்கு அழைப்பார்கள்.

இதே வேரின் மற்றொரு வடிவத்துக்கு 'மறந்துபோதல்' என்று பொருள். பாதாள உலகில் ஓடுவதாகக் கிரேக்கர் நம்பிய ஆற்றின் பெயர் லேத்தே. அதன் நீரைப் பருகிய உயிர்கள் முன்வாழ்வை மறந்துவிடும். உண்மைக்கு அவர்கள் சொன்ன சொல் 'அலேத்தேயா'. முன்னிருக்கும் அகரம் எதிர்மறை. ஆகவே மறைவு நீங்கியதே உண்மை என்று அதைப் பிரித்துப் பொருள் கொள்வார்கள். சோர்வைக் குறிக்கும் 'லெதார்ஜி'யின் முன்பாதியும் லேத்தேதான். அதன் பின்பாதி 'ஆர்கோஸ்', செயலற்றது என்று பொருள். ஆர்கான் வாயுவுக்குப் பெயர் தந்ததும் அந்தச் சொல்லே. மறைவதையும் மறப்பதையும் ஒரே வேரில் வைத்த கிரேக்க மொழி தமிழருக்கு அந்நியமாகத் தோன்றாது. மற, மறை இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். கண்ணுக்கு எட்டாதது மறைகிறது, நினைவுக்கு எட்டாதது மறக்கிறது. இவை இரண்டும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள் என்று கொள்ள நிறைய இடமுண்டு.

அப்படி யார் கண்ணில் படாமல் இருந்தது இந்த லாந்தனம்? அதற்கு ஸ்வீடனின் பாஸ்ட்னேஸ் சுரங்கத்துக்குப் போகவேண்டும். அங்கே செந்நிறம் கலந்த, வழக்கத்துக்கு மீறிக் கனமான ஒரு கல் கிடைத்துவந்தது. சுரங்க உரிமையாளர் குடும்பத்துப் பிள்ளையான வில்ஹெல்ம் ஹிசிங்கர் தமது 15-ஆம் வயதில் அதைப் புகழ்பெற்ற வேதியியலாளர் ஷீலேவுக்கு அனுப்பினார். ஷீலே ஆராய்ந்துவிட்டுப் புதிதாக ஒன்றுமில்லை என்றார். ஆக்சிஜனைக் கண்டவர் கண்ணிலேயே அது படவில்லை. ஹிசிங்கர் விடவில்லை. 1803-இல் பெர்சீலியஸுடன் சேர்ந்து அதே கல்லிலிருந்து புதிய 'மண்' ஒன்றைப் பிரித்தார். இரண்டே ஆண்டுகளுக்கு முன், 1801 ஜனவரி 1 அன்று, பலெர்மோவில் பியாஸி கண்டுபிடித்திருந்த சீரஸ் என்னும் விண்பொருளின் நினைவாக அதற்கு சீரியம் என்று பெயரிட்டார்கள். பெர்லினில் கிளாப்ரோத்தும் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டிருந்தார்.

'மண்' என்றேன். அக்கால வேதியியலில் அது ஒரு கலைச்சொல். நீரில் கரையாமலும் எவ்வளவு சுட்டாலும் மாறாமலும் இருக்கும் ஆக்சைடுகளை ஐரோப்பியர் 'மண்' என்றே அழைத்தார்கள். நம் பாடநூல்களில் உள்ள 'காரமண் உலோகங்கள்' என்ற பெயரிலும் 'அருமண்' என்ற பெயரிலும் நிற்பது இந்த மண்தான். வயல் மண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஸ்டாக்ஹோம் அருகே இட்டெர்பி என்னும் ஊரில் 1787-இல் அர்ரேனியஸ் என்ற படை அதிகாரி எடுத்த கருங்கல்லை 1794-இல் யோகான் கடோலின் பகுத்தாய்ந்தபோது கிடைத்ததும் இப்படியொரு மண்தான். எங்கும் காணாத கற்களில் வந்ததால் 'அரிய மண்' ஆயிற்று.

தமிழில் இதற்கு அமைந்த 'அருமண்' என்ற சொல்லை நான் மூலத்தைவிட ஒரு படி மேலாகவே மதிப்பேன். இந்தத் தனிமங்கள் பூமியில் குறைவானவை அல்ல. சீரியத்தின் அளவு ஏறத்தாழச் செம்பின் அளவு. ஒன்றையொன்று விட்டுப் பிரிப்பதுதான் பெரும்பாடு. நம் 'அருமை'யோ கிடைத்தற்கு அரியதையும் குறிக்கும், செய்தற்கு அரியதையும் குறிக்கும். 1886-இல் பிரான்சின் லெகோக் த புவாபோத்ரான் இக்குடும்பத்தில் ஒன்றைப் பிரித்து, 'எளிதில் எட்டாதது' என்ற பொருளில் டிஸ்ப்ரோசியம் என்று பெயர் வைத்தார். அவர் வைத்ததும் 'அரு' தான்.

சீரியம் கிடைத்து 36 ஆண்டுகள் ஆயின. சீரியம் என்று புட்டியில் இருந்தது தனிப்பொருள் அல்ல என்ற சந்தேகம் மொசாண்டருக்கு இருந்தது. அவர் செய்த சோதனை மிக எளியது. சீரியம் நைட்ரேட்டைச் சூடாக்கிச் சிதைத்தார். எஞ்சிய பொடியை நன்றாக நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இட்டார். மஞ்சள் கலந்த பொடியில் பெரும்பகுதி கரையாமல் அடியில் நின்றது. சிறுபகுதி கரைந்து அமிலத்தோடு வந்துவிட்டது. கரையாமல் நின்றது சீரியத்தின் ஆக்சைடு. கரைந்து வந்ததில்தான் புதிய தனிமம் இருந்தது. முதல்தரமான பகுப்பாய்வாளர்கள் பலர் 36 ஆண்டுகளாகக் கையில் வைத்துக்கொண்டே பார்க்காமல் விட்ட பொருள். லாந்தனேய்ன் என்ற வினைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

கண்ணில் படாதது அதோடும் முடியவில்லை. 1842-இல் அந்த லாந்தனத்துக்குள்ளிருந்து மொசாண்டர் இன்னொன்றைப் பிரித்து 'இரட்டை' என்ற பொருளில் டிடிமியம் என்றார். 1885-இல் வியன்னாவின் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக், அந்த இரட்டையே இரண்டு தனிமங்கள் என்று காட்டினார்: பச்சை இரட்டையான பிரசியோடிமியம், புதிய இரட்டையான நியோடிமியம். டிடிமியம் என்ற தனிமம் அட்டவணையிலிருந்து நீங்கிவிட்டது. கண்ணாடி ஊதுவோர் அணியும் மூக்குக்கண்ணாடியின் பெயரில் மட்டும் இன்றும் வாழ்கிறது.

இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக வந்துகொண்டே இருந்தால் எங்கே நிறுத்துவது? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குடும்பத்தில் எத்தனை பேர் என்று அறுதியிட்டுச் சொல்ல எவராலும் முடியவில்லை. புதிய தனிமம் என்று அறிவிக்கப்பட்டுப் பின்னால் கலவையென்று தெரிந்தவை ஏராளம். முடிவைச் சொன்னது எக்ஸ் கதிர். 1913-இலும் 1914-இலும் இங்கிலாந்தின் ஹென்றி மோஸ்லி, ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிரின் அதிர்வெண், அணு எண்ணோடு ஒழுங்காக ஏறுகிறது என்று கண்டார். அதிர்வெண்ணின் இருபடி மூலத்தை அணு எண்ணுக்கு எதிரே வரைந்தால் நேர்கோடு. அதில் இடைவெளி விழுந்தால் அங்கே ஒரு தனிமம் இன்னும் கிடைக்கவில்லை என்று பொருள். பாரிஸிலிருந்து ஜார்ஜ் ஊர்பேன் தம் வாழ்நாள் உழைப்பில் பிரித்த அருமண் மாதிரிகளை எடுத்துக்கொண்டு 1914-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். தாம் 'செல்ட்டியம்' என்று பெயரிட்ட புதிய தனிமம் அதில் உண்டா என்பது அவர் கேள்வி. சில நாட்களில் மோஸ்லியின் விடை வந்தது: இட்டெர்பியமும் லுட்டீசியமும் இருக்கின்றன, செல்ட்டியம் இல்லை. வேதியியலாளர்கள் ஆயிரக்கணக்கான முறை படிகமாக்கி ஆண்டுக்கணக்கில் தேடியதை எக்ஸ் கதிர் அவ்வளவு விரைவில் சொல்லிவிட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் கலிப்போலிப் போர்க்களத்தில் மோஸ்லி இறந்தார். அப்போது அவருக்கு வயது 27. அறிவியல் இழந்தவர்களில் இவரை நினைக்கும்போது மனம் ஆறுவதில்லை.

மோஸ்லியின் கணக்கால் லாந்தனம் 57, லுட்டீசியம் 71 என்று வரிசை உறுதியாயிற்று. வரிசைக்குப் பொதுப்பெயர் வந்தது அதற்குப் பின். 1925-இல் நார்வேயில் பணியாற்றிய விக்டர் கோல்ட்ஷ்மிட், இத்தனிமங்களின் ஆக்சைடுப் படிகங்களை எக்ஸ் கதிரால் அளந்தார். அணு எண் கூடக் கூட அயனி பெருக்கவில்லை, சுருங்கியது. இன்றைய அளவில் சொன்னால், மும்மை நேர்மின் லாந்தன அயனியின் ஆரம் 103 பிக்கோமீட்டர். லுட்டீசியத்தில் அது 86 ஆகிவிடுகிறது. இதற்கு அவர் 'லாந்தனைடுச் சுருக்கம்' என்று பெயரிட்டார். ஒரு தனிமத்தின் பெயர் முழு வரிசையின் பெயராக விரிந்தது இங்கேதான். 'ஐடு' என்ற விகுதி குளோரைடு, சல்பைடு போன்ற எதிர்மின் அயனிகளுக்கு உரியது என்பதால் பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 'லாந்தனாய்டு' என்பதையே பரிந்துரைக்கிறது. வழக்கில் வென்று நிற்பது லாந்தனைடு. வழக்கு வென்றதில் எனக்கு வருத்தமில்லை.

இனி எலக்ட்ரானிடம் வருவோம். இந்தத் தனிமங்கள் ஏன் இப்படி ஒன்றுபோல் நடந்துகொண்டன? வேதிவினையில் ஈடுபடுபவை அணுவின் வெளி விளிம்பிலுள்ள எலக்ட்ரான்கள். வரிசையில் ஒவ்வொரு தனிமத்துக்கும் கூடுதலாகச் சேரும் எலக்ட்ரானோ வெளியே போய் அமர்வதில்லை. 4எஃப் என்ற உட்கூட்டில் சேர்கிறது. அதற்கு வெளியே 5எஸ், 5பி கூடுகள் நிறைந்து மூடியிருக்கின்றன. வீட்டின் உள்ளறையில் ஆட்கள் எத்தனை பேர் என்று திண்ணையில் நிற்பவருக்குத் தெரியாது; வேதியியலாளர் அத்தனை காலம் நின்றது திண்ணையில்தான். அணுவின் வெளித்தோற்றம் மாறாமல் உள்ளே மட்டும் ஆள் கூடிக்கொண்டிருந்தது. மொசாண்டருக்கு முன் லாந்தனம் கண்ணில் படாமல் இருந்ததற்குக் காரணமே, சீரியத்தின் 4எஃப் எலக்ட்ரான் கண்ணில் படாத இடத்தில் இருப்பதுதான். பெயர் பொருளுக்கு வைக்கப்பட்டது, பொருந்தியது எலக்ட்ரானுக்கு.

இன்னும் வியப்பானது லாந்தனத்தின் தனி நிலை. அதற்கு 4எஃப் எலக்ட்ரான் ஒன்றுகூடக் கிடையாது. 1941-இல் மரியா கோப்பெர்ட் மேயர் இதன் காரணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். எஃப் எலக்ட்ரானை அணுக்கரு உள்ளே இழுக்கிறது, அதன் சுழற்சி வெளியே தள்ளுகிறது. இரண்டின் கூட்டால் அணுவுக்குள் ஆழமானதும் குறுகலானதுமான ஒரு பள்ளமும், தொலைவில் ஆழமற்ற அகலமான இன்னொரு பள்ளமும் உருவாகின்றன. நடுவே ஒரு மேடு. லாந்தனம் வரை எஃப் எலக்ட்ரானுக்கு இடம் வெளிப்பள்ளத்தில். கருவின் மின்னூட்டம் இன்னும் சற்றுக் கூடியதும் அது சட்டென்று உட்பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. லாந்தனம் அந்த விளிம்பின்மேல் நிற்கிறது.

விளிம்பில் நிற்பதை எக்ஸ் கதிர் உறிஞ்சல் நிறமாலையில் நேராகக் காணலாம். சின்க்ரோட்ரான் என்னும் துகள்முடுக்கியின் எக்ஸ் கதிரை வெற்றிட அறையில் உள்ள லாந்தன மாதிரியின்மேல் விழச் செய்கிறார்கள். காற்றுப் பட்டால் அதன் பரப்பு உடனே ஆக்சைடாகிவிடும் என்பதால் வெற்றிடத்துக்குள்ளேயே வைர அரத்தால் சுரண்டிப் புதுப்பரப்பை வெளிக்கொணர்கிறார்கள். கதிரின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் மாதிரியிலிருந்து எத்தனை எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன என்று மின்னோட்டமாக அளக்கிறார்கள். ஏறத்தாழ 835 எலக்ட்ரான் வோல்ட்டில் திரையில் ஊசிபோல் ஒரு கோடு எழுகிறது. 850-க்கு அருகில் இன்னொன்று. முதல் கோட்டுக்குச் சற்று முன்னால், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் மிகச் சிறிய மூன்றாவது ஒன்று. அணுவின் ஆழத்திலுள்ள 3டி கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கதிர் கிளப்பி, காலியான 4எஃப் கூட்டில் ஏற்றியதன் அடையாளம் இவை. 3டியில் ஒரு வெற்றிடம் விழுந்தவுடன் கருவின் இழுப்பு வெளியே கூடுகிறது. லாந்தனம் ஒரு கணம் சீரியம்போல் நடந்துகொள்கிறது. 4எஃப் உள்ளே விழுந்து எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்கிறது. இல்லாத எலக்ட்ரானுக்கான இடத்தைக் கதிர் காட்டிவிடுகிறது.

வரிசையில் முன்னே போகப் போக இந்தக் கோடுகள் பல கிளைகளாகப் பிரிகின்றன. 4எஃப் கூட்டில் எலக்ட்ரான் எண்ணிக்கை மாறினால் கிளைகளின் அமைப்பே மாறிவிடும். மும்மை நேர்மின் இட்டெர்பியத்தில் காலியாக இருப்பது ஓர் இடம்தான். ஆகவே ஒரே கோடு. கூடு நிறைந்த லுட்டீசியத்தில் அந்தக் கோடும் இல்லை. 1985-இல் தோலே, வான் டெர் லான், ஃபக்கிள், சவாட்ஸ்கி முதலானோர் வரிசை முழுவதற்கும் கணக்கீட்டையும் அளவீட்டையும் அருகருகே வைத்து வெளியிட்டார்கள். அறியாத சேர்மம் ஒன்றின் நிறமாலையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அருமண் அயனியில் எத்தனை எஃப் எலக்ட்ரான்கள் என்று சொல்லிவிடலாம். ஊர்பேன் தனிமத்தின் பெயரைக் கேட்டார், கதிர் சொன்னது. இப்போது உள்ளே எத்தனை பேர் என்று கேட்டாலும் சொல்கிறது.

சில சேர்மங்களில் அந்த எண்ணிக்கைக்கு முழு எண்ணாக விடை வருவதில்லை. சமேரியம் சல்பைடு கரிய நிறப் பொருள். ஏறத்தாழ 6.5 கிலோபார் அழுத்தத்தில் அது திடீரெனப் பொன்னிறமாகி உலோகமாக மாறுகிறது. 1970-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதைக் கண்ட குழுவுக்கு முன்னின்றவர், முன்பு பெங்களூரில் சர் சி. வி. ராமனோடு பணியாற்றிய அ. ஜெயராமன். பொன்னிற நிலையில் சமேரியத்தின் இணைதிறன் 2-ம் இல்லை, 3-ம் இல்லை, நடுவில் இருக்கிறது. ஓர் எஃப் எலக்ட்ரான் அணுவுக்குள் இருப்பதும் உலோகத்தின் பொது எலக்ட்ரான்களோடு கலப்பதுமாக ஊசலாடுகிறது. 2பி கூட்டிலிருந்து 5டிக்கு ஏற்றும் எக்ஸ் கதிர் உறிஞ்சலில் ஒன்றுக்குப் பதில் இரண்டு சிகரங்கள், ஏழெட்டு எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியில் எழுகின்றன. எஃப் எலக்ட்ரான் உள்ளே இருக்கும் நிலைக்கு ஒன்று, வெளியேறிய நிலைக்கு ஒன்று. அவற்றின் உயரங்களை ஒப்பிட்டு இணைதிறனைக் கணக்கிடுகிறார்கள். கதிரின் பார்வை எலக்ட்ரானின் ஊசலாட்டத்தைவிடப் பலமடங்கு விரைவானது என்பதால்தான் இரு நிலைகளும் தனித்தனியே தெரிகின்றன. இதே வகைப் பொருள்களை காமா கதிர் கொண்டு மெதுவாகப் பார்க்கும் மோஸ்பவர் முறையில் சராசரியாக ஒற்றைக் கோடுதான் தெரியும்.

மொசாண்டரின் அமிலத்துக்கு இங்கே விளக்கம் கிடைக்கிறது. சூடாக்கும்போது சீரியம் தன் ஒற்றை எஃப் எலக்ட்ரானையும் விட்டுக்கொடுத்து நான்மை நேர்மின் நிலைக்குப் போகிறது. அதன் டை ஆக்சைடு நீர்த்த அமிலத்தில் கரையாது. லாந்தனத்திடம் விட்டுக்கொடுக்க எஃப் எலக்ட்ரான் இல்லை; மும்மை நேர்மின் நிலையிலேயே நின்று அமிலத்தில் கரைந்துவிடுகிறது. 1839-இல் இரண்டையும் பிரித்தது அந்த ஒரே எலக்ட்ரான். சீரியம் டை ஆக்சைடின் நிறமாலையிலும் இரண்டு சிகரங்கள் தெரிந்ததால், எஃப் எலக்ட்ரான் முழுவதும் போய்விட்டதா, ஆக்சிஜனோடு பகிர்வில் இருக்கிறதா என்று 1980-களில் பெரிய விவாதம் நடந்தது. பகிர்வு உண்டு என்பதே நிலைத்த கருத்து.

இந்தப் பெயர்க்கதையில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது. சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும் தோரியமும் அதிலிருந்து வருகின்றன. அவுவர் கண்டுபிடித்த எரிவாயு விளக்கின் வலைக்கு 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் ஒரு விழுக்காடு சீரியம் ஆக்சைடும் தேவைப்பட்டதால் உலகம் மோனசைட்டைத் தேடி அலைந்த காலம் அது. 1909-இல் ஜெர்மானியர் ஷோம்பர்க், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த இக்கரையின் மணலில் அதைக் கண்டார். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலே துப்பானது என்பது வழங்கும் வரலாறு. மோனசைட்டின் பெயரும் கிரேக்க வினையிலிருந்து வந்ததே. 1829-இல் பிரைத்தௌப்ட், படிகங்கள் தனித்தனியே கிடந்ததைக் கண்டு 'தனித்திருத்தல்' என்ற பொருளில் வைத்தார்.

கலைச்சொல் ஆக்குவோருக்கு ஒரு வேண்டுகோள். லாந்தனத்தைத் தமிழில் மொழிபெயர்க்க வேண்டாம். உலகம் முழுதும் வழங்கும் தனிமப் பெயர் அப்படியே இருக்கட்டும். வரிசைக்கு அருமண் இருக்கிறது, அது போதும். ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். 4எஃப் கூடு எங்கே இருக்கிறது என்று கரும்பலகையில் வரையும் நாளில் 'லாந்தனேய்ன்' என்றால் என்ன பொருள் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது; இத்தனிமங்கள் ஒன்றுபோல் நடந்துகொள்வதன் காரணத்தை மாணவர் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.